கடைசி நிறுத்தத்துப் பூட்டு

தட்டில் ரொட்டி வைப்பதற்குப் பதிலாக மாத்திரைகளைக் கொட்டினேன். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். சில உருண்டு மேசைக்கு அடியில் ஓடின. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க," என்றேன். "மாசக்கணக்கா பட்டினி கிடக்கீங்களே."

"எங்கிருந்து எடுத்தே?"

"எங்க ஒளிச்சு வச்சீங்களோ அங்கிருந்துதான்."

அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு போய்விடுகிறது என்று புலம்பியதால், பழைய போர்வையைக் கிழித்து நானே ஒரு குஷன் தைத்துக் கொடுத்திருந்தேன். அழுக்கேறிக் கிடந்த உறையைத் துவைக்கலாம் என்று அன்றைக்குத் தையலைப் பிரித்தால் பஞ்சுக்கு நடுவே மாத்திரைகள். எல்லாம் எங்கள் தெரு முனை கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கிற பிரஷர் மாத்திரைகள். நான் தினமும் சாயங்காலம் அட்டையை எடுத்துப் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, அட்டையைக் காலியாக்கி, மாத்திரையைத் தையல் விட்ட ஓரம் வழியாகக் குஷனுக்குள் தள்ளியிருக்கிறார். நான் தைத்த குஷனுக்குள்ளேயே!

"ஏன் போடல?"

"தூக்கம் வருது. ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்றியா?"

பொய். பொய் சொல்லும்போது அவர் கை தானாகக் காது மடலுக்குப் போய்விடும். கல்யாணமான முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டேன், இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

"போடலன்னா குப்பையிலயாவது போட்டுத் தொலைச்சிருக்கலாமே?"

"மருந்தைப் போய் குப்பையில போடுவாங்களா? யாருக்காவது உதவும்னு வச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ரொட்டியைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் பஸ் டெப்போவில் வேலை பார்க்கிறவர்கள். போன வருடம் இவரோடு அதே ரூட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டிரைவர், சிக்னலில் நின்ற வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். அவர் உடம்பு அழுத்தி ஹாரன் நிற்காமல் அலறியது. பின்னால் நின்றவர்கள், என்ன அவசரம் இவனுக்கு என்று திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. நாற்பத்திரண்டு வயது. பிரஷர் இருந்தது அவருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

அதன் பிறகுதான் கிளினிக் நர்ஸ் எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். டாக்டர் ஒருத்தர், நர்ஸ் ஒருத்தர், இவ்வளவு பெரிய தெருவை எப்படிப் பார்ப்பது, நீங்கள் வாருங்கள் என்றார். பிரஷர் மெஷினைக் கையில் கொடுத்து, பட்டையை எப்படிக் கட்டுவது, எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் 'பிரஷர் அக்கா'. வீடு வீடாகப் போவேன். மாத்திரை போடாதவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். நான் படியேறினாலே பிரஷர் பத்து கூடுகிறது என்று தெருவில் கேலி செய்வார்கள். செய்யட்டும், மாத்திரையைப் போட்டுவிட்டுச் செய்யட்டும்.

ஒரே ஒரு ஆளை மட்டும் நான் பார்க்கக் கூடாது. சொந்த வீட்டு ஆளைச் சொந்தக் கையால் பார்க்கக் கூடாது என்பது நர்ஸ் போட்ட விதி. பெண்டாட்டி பட்டையைக் கட்டினால் எந்தப் புருஷனுக்கும் எண் சரியாக வராது என்று சிரித்தார். அதனால் இவரை அடுத்த வீட்டுத் தையல்காரம்மாதான் பார்ப்பார், லீவு நாளில். லீவு நாளில்தானே டிரைவர்கள் வீட்டில் இருப்பார்கள்? எல்லா டிரைவரையும் அப்படித்தான் பார்த்தோம். எண்கள் அவ்வளவு அழகாக வந்தன. டெப்போ வாசலில் எங்களை நிறுத்தி மாலை போடாத குறை.

அந்த எண்களை நம்பி நான் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேனே, அதை நினைத்தால்தான் உச்சந்தலை வரை எரிந்தது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் இவர் தன் பேண்டைத் தானே துவைத்தார். இத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை. 'மாத்திரை உள்ளே போனதும் மனுஷனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு' என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். என் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார் என்று இப்போது பட்டது. சரி, வீட்டில் கேட்டால்தானே மழுப்புவார், அவர் ஆட்கள் முன்னால் வைத்தே கேட்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை அவர் போன பிறகு, மெஷினையும் அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது நிறுத்தத்தில் நின்று அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். பின் வாசல் வழியாக ஏறியதால் அவர் பார்க்கவில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ஏதோ வம்பு என்று புரிந்து, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர் ஓட்டி நான் பார்த்து எவ்வளவோ வருடம் ஆகியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் பிடரி மட்டும்தான் தெரிந்தது. ஒரு பள்ளம் வந்தாலும் பயணிகளுக்குத் தெரியாத மாதிரி இறக்கி ஏற்றினார். குறுக்கே ஒரு ஸ்கூட்டர்காரன் பாய்ந்தபோது பஸ்ஸே அவனைத் திட்டியது, இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டை முதுகோடு ஒட்டி ஈரமாக இருந்தது. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

கடைசி நிறுத்தம் ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் மைதானம். ஒரு தகரக் கூரை, அதன் கீழ் இரண்டு பெஞ்சு, டைம் கீப்பரின் சின்ன அறை, அதை ஒட்டி நீலக் கதவு போட்ட இன்னொரு அறை. பயணிகள் இறங்கிப் போனதும் என் வீட்டுக்காரரும் இறங்கினார். பாட்டிலைத் திறந்து, நான் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக் கொடுத்த தண்ணீரை முன் கண்ணாடியில் ஊற்றித் துடைத்தார். தினமும் பாட்டில் காலியாக வீட்டுக்கு வந்த ரகசியம் அதுதான்.

"கண்ணாடிக்கு நல்லா தாகம் தீர்ந்துச்சா?" என்றேன் பின்னால் நின்று.

திரும்பினவர் முகத்தில் ரத்தம் இல்லை. "நீ எங்க இங்க?"

"உங்களுக்குப் பிரஷர் பார்க்க வந்தேன். உட்காருங்க."

பெஞ்சில் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு 'ஒல்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள், ஆள் கதவளவு அகலம். இன்னொருவர் 'வாத்தியார்', யார் என்ன பேசினாலும் திருத்துவார். இருவருமே எங்கள் தெரு. இருவருக்குமே லீவு நாளில் எண் அழகாக வரும்.

"அண்ணி, இங்கயும் வந்துட்டீங்களா?" என்று ஒல்லி எழுந்து இடம் விட்டார்.

நான் மெஷினை எடுத்தேன். எவ்வளவு கோபத்திலும் பழக்கம் விடாது. பட்டையைக் கட்டுவதற்கு முன் நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிரஷர் ஏற்றிக் காட்டும் என்பதால், நர்ஸ் அதை எங்களுக்கு மனப்பாடம் ஆக்கியிருந்தார்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்து உட்காருங்க," என்றேன்.

அவ்வளவுதான், இரண்டு டிரைவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒல்லிக்கு வயிறு குலுங்கியது, வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன இளிப்பு?"

"எங்க போறது அண்ணி?" என்று ஒல்லி நீலக் கதவைக் காட்டினார். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. "அது ஆபீசருங்களுக்கு. எப்பவாவது ஒரு நாள் வருவாங்க. அன்னைக்குத் திறப்பாங்க."

"அப்ப நீங்க?"

"முன்னாடி அந்தச் சுவரோரம் போவோம். இப்ப கேமரா வச்சுட்டாங்க, போனா மெமோ. டெப்போவுக்குத் திரும்பிப் போய்த்தான்."

"அதுவரைக்கும்?"

"தண்ணி குடிக்காம இருந்தா வராது அண்ணி."

"வரும். கம்மியா வரும்," என்று வாத்தியார் திருத்தினார்.

"அப்ப மாத்திரை?"

மூன்று பேரும் நீலக் கதவையே பார்த்தார்கள். வேறு பதில் வேண்டியதில்லை. எங்கள் கிளினிக்கில் கொடுக்கிற இரண்டில் ஒன்று சிறுநீரை நிறைய வெளியேற்றுகிற மாத்திரை. அதை ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று நான்தான் விளக்கியிருக்கிறேன், 'அடிக்கடி போக வரும், பயப்படாதீங்க' என்று. எந்த வீட்டுப் படியிலும் எனக்கு இந்தப் பூட்டு தெரியவில்லை.

"எது அந்த மாத்திரைன்னு தெரியல," என்றார் என் வீட்டுக்காரர் மெல்ல. "வெள்ளையா மஞ்சளான்னு. போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ரெண்டையும் விட்டுட்டேன். லீவுக்கு முந்தின நாள் ராத்திரி போட்டுக்குவேன், லீவு அன்னைக்கும் போடுவேன். வீட்டுல இருக்கறப்ப கவலை இல்லையே."

"நாங்களும் அப்படித்தான் அண்ணி," என்றார் ஒல்லி.

நாங்கள் பெருமை பேசிய அத்தனை எண்களும் லீவு நாள் எண்கள். ஓய்வெடுத்து, தூங்கி எழுந்து, பத்தடியில் கழிப்பறை இருக்கும் மனிதனின் எண்கள். ஓட்டுகிற நாளில் ஒருத்தரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

நான் டைம் கீப்பர் அறைக்குப் போனேன். உண்மையில் எனக்கே ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தச் சாவியைக் கொடுங்க."

"அது ஆபீசர்ஸ் பாத்ரூம்மா."

"ஆபீசருங்க தங்கமா போறாங்களா?"

"என்கிட்ட சத்தம் போடாதீங்கம்மா. சுத்தமா இருக்கணும்னு மேல உத்தரவு. எனக்கு மட்டும் என்ன ஆசையா?"

"நீங்க எங்க போறீங்க?"

"எனக்கு வீடு பக்கத்துல," என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாவியின் மேல் கை வைக்கவில்லை என்றாலும், அது அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதை அவர் கண்ணே காட்டிக் கொடுத்தது.

திரும்பி வந்து என் வீட்டுக்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினேன். மெஷின் உறுமிக்கொண்டே போய் நின்றது. மேலே இருநூற்று நான்கு, கீழே நூற்றுப் பதினெட்டு. எண்பது வீடு ஏறி இறங்கியவள் நான், இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டினால் நர்ஸுக்கு உடனே போன் போட வேண்டும், ஆளை ஒரு வேலையும் செய்யவிடக் கூடாது. அதுவும் விதிதான்.

வண்டி திரும்பக் கிளம்புகிற நேரம். அதற்குள் பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பை போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

"நகரு. வண்டியை எடுக்கணும்," என்று எழுந்தார்.

"நீங்க எடுக்கப் போறதில்ல."

"இதை நீ போன்ல சொன்னா என் ஸ்டியரிங் போச்சு. தெரியும்ல? பஸ் கழுவ விடுவாங்க."

"கழுவுங்க. உயிரோட கழுவுங்க."

"நீ பார்த்தது செல்லாது!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "சொந்த வீட்டு ஆளைப் பார்க்கக் கூடாதுன்னு உங்க விதிதான் இருக்கே? ஊர் முழுக்க விதி பேசறியே, இப்ப பேசு!"

அவர் சொன்னது சரி. என் கையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. டைம் கீப்பரும் வாசலுக்கு வந்து, "அவர் சொல்றது சரிதானேம்மா. கணக்குல வராததை வச்சு வண்டியை நிறுத்த முடியுமா?" என்றார். மைதானத்தின் மறுபக்கம் ஒரு பஸ் பொறுமை இழந்து ஹாரனை நீளமாக அழுத்தியது. போன வருடம் நிற்காமல் அலறிய அந்த ஹாரனைத்தான் என் காது கேட்டது.

அவர் பஸ்ஸின் முன் கதவைப் பிடித்துவிட்டார். நான் ஓடிப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"மிதிச்சுக்கிட்டு ஏறுங்க."

"அசிங்கம் பண்ணாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! இத்தனை நாள் யாரும் பார்க்காமதான இந்த நிலைமைக்கு வந்திருக்கு!"

அப்போதுதான் ஒல்லி வந்து என் பக்கத்தில் குந்தினார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"என்னைப் பாருங்க அண்ணி. நான் உங்க வீட்டு ஆள் இல்லல்ல? என் எண் செல்லும்."

"டேய், உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்கண்ணே. ஒருத்தர் உட்கார்ந்தா சீக்காளின்னு ஒதுக்கிடுவாங்க. எல்லாரும் உட்கார்ந்தா என்ன பண்ணுவாங்க?"

ஒல்லிக்கு மேலே நூற்றுத் தொண்ணூறு. வாத்தியார் எதையும் திருத்தாமல் வந்து கையை நீட்டினார். அவருக்கும் நூற்றெண்பதுக்கு மேல். ஹாரன் அடித்தவரும் இறங்கி வந்து, என்ன கூட்டம் என்று கேட்டு, தானும் உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கத்த ஆரம்பித்தார்கள். டைம் கீப்பர் வியர்த்துப் போய், மேலதிகாரிக்குப் போன் போட உள்ளே ஓடினார். இந்தப் பக்கம் நான் நர்ஸுக்குப் போன் போட்டேன். எண்களைச் சொன்னேன்.

"எல்லாருமேவா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாங்களான்னு கேட்டீங்களா?" என்றார்.

"எங்க சிஸ்டர் போவாங்க? பூட்டி வச்சிருக்காங்க!"

நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் தன்னையே திட்டிக்கொள்வது கேட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி அந்த மாத்திரைக்குப் பதிலா வேற வாங்கிக் கொடுத்திருப்பேனே. நானும் கேக்கல. சரி, போயிட்டு வந்து, கொஞ்சம் உட்கார்ந்ததும் மறுபடி பாருங்க. அப்பவும் நூத்தியெண்பதுக்குக் கீழ வராதவங்க யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு வாத்தியார் பட்டையைக் கட்டிப் பார்க்கட்டும், நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுங்க. அப்ப செல்லும்."

டைம் கீப்பர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில், "ஆமா சார், இல்ல சார்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா சார்," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நீலக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. உள்ளே பீங்கான் பளபளத்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு மூலையில் கட்டுக் கட்டாகச் சுருட்டிய தாள்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்தேன். சிவப்பு இதயம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. 'மாத்திரையை மறக்காதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.' எங்கள் போஸ்டர்கள். கடைசி நிறுத்தத்தில் ஒட்டுவதற்காக நானும் தையல்காரம்மாவும் டெப்போ ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தவை.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை. அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே மைதானத்தில் எறிந்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதல் ஆளாக நான் போனேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதன் பிறகு வரிசை நின்றது. டிரைவர்கள், கண்டக்டர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள். கத்திக்கொண்டிருந்த வாய்களெல்லாம் வரிசையில் வந்ததும் அமைதியாகிவிட்டன.

ஒல்லிக்கு இரண்டாவது தடவை நூற்றறுபத்தெட்டு. வாத்தியாருக்கும் இறங்கியது. நர்ஸிடம் கேட்டேன். மெதுவாக ஓட்டி நேராகக் கிளினிக்குக்கு வரட்டும், அங்கே எல்லோரையும் பார்த்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரருக்கு வாத்தியார் பட்டையைக் கட்டினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. வாத்தியார் அதை மெல்லப் படித்துவிட்டு, மெஷினை என் பக்கம் திருப்பாமல் அவர் பக்கம் திருப்பினார்.

அவர் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பஸ் சாவியை எடுத்து ஒல்லியின் கையில் வைத்தார். நான் நீட்டிய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, முழு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"டெப்போவுக்கு நான் எழுதியாகணும்," என்றார் நர்ஸ் போனில். "அவரை ஏன் இறக்கினோம்னு காரணம் கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

"பூட்டுன்னு எழுதுங்க சிஸ்டர்."

தன் வண்டியை மைதானத்திலேயே விட்டுவிட்டு ஒல்லி எங்கள் பஸ்ஸை ஓட்டினார். என் வீட்டுக்காரர் தன் பஸ்ஸிலேயே பயணியாக, எனக்குப் பக்கத்தில், ஜன்னலோரம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

"சந்தோஷமா?" என்றார் வெளியே பார்த்துக்கொண்டே.

"இல்ல. கோபமா இருக்கேன்."

"நானும்தான்."

"இருங்க. எவ்வளவு வேணும்னாலும் கோபப்படுங்க. என்மேல கோபப்பட ஒரு ஆள் வேணும் எனக்கு."

பாதி வழி வந்திருந்தோம். பிறகு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"முதல் வாரம் போட்டேன். தினமும் ஒழுங்காத்தான் போட்டேன். நாலாவது நாள் பாலத்துல டிராஃபிக். வண்டி நகரல. பின்னாடி அறுபது பேர். இறங்க முடியல. சீட்டுலயே... துண்டை மடியில போட்டு மூடிக்கிட்டு டெப்போ வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்."

காது மடலுக்குக் கை போகவில்லை.

அந்தப் பேண்டு. அவரே துவைத்துக் கொடியில் காயப்போட்ட பேண்டு. அதைக் காட்டி நான் தெரு முழுக்கச் சிரித்திருக்கிறேன். அவரும் வாசலில் நின்றுகொண்டு கூடவே சிரித்திருந்தார். பூட்டுப் போட்டவனைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. அவன் முகம் எனக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கழிப்பறைக்கு எழுந்து போயிருப்பான்.

பையில் ஏதோ தொடையை அழுத்தியது. எடுத்துப் பார்த்தால் அந்தப் பூட்டு. கதவைத் திறந்தபோது கையோடு பையில் போட்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அப்போதும் வரவில்லை, இப்போதும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் நெளிய ஆரம்பித்தார். முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. முன்னால் வண்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. இடது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பங்க்கின் ஓரத்தில் கழிப்பறை, கதவு திறந்தே இருந்தது.

"வண்டியை நிறுத்து!" என்று எழுந்து நின்று கத்தினேன். ஒல்லி கண்ணாடியில் பார்த்தார், புரிந்துகொண்டார், ஓரம் கட்டினார்.

"இது ஸ்டாப் இல்லையே. எங்களுக்கும் வேலை வெட்டி இருக்குல்ல?" என்று முன் சீட்டில் ஒரு ஆள் ஆரம்பித்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றேன். கையில் பூட்டு இருந்தது. "உங்களை இத்தனை வருஷமா அடக்கிக்கிட்டுக் கூட்டிட்டுப் போன ஆளு அவர். ரெண்டு நிமிஷம் காத்திருங்க."

என் வீட்டுக்காரர் எல்லோரையும் தாண்டி முன் படி வழியாக இறங்கினார். ஓடவில்லை, எதையும் மூடி மறைக்கவில்லை, நடந்துதான் போனார். ஒல்லி எஞ்சினை அணைத்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கை கழுவி, முகம் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வரும்வரை பஸ் முழுக்க உட்கார்ந்திருந்தது.